டேப்லெட்டில் ஆங்கிலம் எழுதப் பழக்குதல்: எதை அணைப்பது, எதைத் திறப்பது

எந்த மாற்றமும் செய்யாமல் ஒரு டேப்லெட்டை ஆறேழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, "ஒரு வாக்கியம் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து தானாகவே பெரிய எழுத்தாகிவிடும். பாதிச் சொல் அடிப்பதற்குள் முழுச் சொல்லும் விசைப்பலகைக்கு மேலே வந்து நிற்கும். இடைவெளிப் பட்டையை இரண்டு தடவை தட்டினால் முற்றுப்புள்ளி விழும். பெரியவர்களுக்கு இதெல்லாம் நல்ல வசதி. ஆனால் எழுதப் பழகும் பிள்ளை எதையெல்லாம் கற்க வேண்டுமோ அதையெல்லாம் கருவியே செய்து முடித்துவிடுகிறது. திரையில் பக்கம் பளிச்சென்று இருக்கும். அதே பிள்ளை மறுநாள் நோட்டில் எழுதும்போது தொடக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், முடிவில் புள்ளி இருக்காது, எழுத்துக்கூட்டலும் தடுமாறும்.

ஆகவே பாடத்துக்கு முன்னால் செட்டிங்ஸ் வேலை இருக்கிறது. ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போனால் ஒரே பக்கத்தில் எல்லாம் கிடைக்கும்: ஆட்டோ கேப்பிடலைசேஷன், ஆட்டோ கரெக்ஷன், செக் ஸ்பெல்லிங், பிரெடிக்டிவ் டெக்ஸ்ட், இரட்டை இடைவெளிக்குப் புள்ளி வைக்கும் ஷார்ட்கட். அத்தனையையும் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இருந்தால் அதன் செட்டிங்ஸில் டெக்ஸ்ட் கரெக்ஷன் என்ற பகுதியில் இதே பட்டியல் இருக்கும். விரலை எடுக்காமல் இழுத்து எழுதும் கிளைடு டைப்பிங்கையும் ஜிபோர்டு செட்டிங்ஸிலேயே தனிப் பகுதியில் நிறுத்தலாம். விசைப்பலகையில் இருக்கும் மைக் பொத்தானை அணைப்பது முக்கியம். அது இருந்தால் இரண்டாம் வாரமே யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்து, பேசியே பக்கத்தை நிரப்பிவிடும்.

ஆப்பிள் பென்சிலோடு வேலை செய்பவர்கள் ஸ்கிரிபிளையும் அணைக்க வேண்டும். 2020இல் வந்த ஐபேட்ஓஎஸ் 14 முதல் இந்த வசதி இருக்கிறது. எழுத்துப் பெட்டிக்குள் கையால் எழுதினால் அதை அச்செழுத்தாக மாற்றிவிடும். கோணலாக எழுதினாலும் அழகான அச்சு வந்துவிடுவதால், தன் கையெழுத்து சரியாகத்தான் இருக்கிறது என்று பிள்ளை நம்பிவிடுகிறது.

வேறு செயலிக்குத் தாவாமல் இருக்க ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங். இரண்டையும் ஒரு தடவை அமைத்துவிட்டு, ஒவ்வொரு பாடத்திலும் இயக்கினால் போதும். இது இல்லாமல் பத்துப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியரால் முடியாது.

கண்ணாடியும் கையும்

காகிதம் பென்சில் முனையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். கண்ணாடி வழுக்கும். அந்த உராய்வு இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாமல், கோடு நினைத்ததைத் தாண்டி ஓடிவிடுகிறது. கண்ணாடியில் எழுத்து பெரிதாகவும் வேகமாகவும் வருவதற்கு இதுவே காரணம். காகிதம் போன்ற சொரசொரப்பு உள்ள மேட் படலம் ஒட்டினால் பெருமளவு சரியாகும். முனை சீக்கிரம் தேயும், திரையின் தெளிவும் சற்றுக் குறையும். எழுத்துப் பயிற்சிக்கென்றே வைத்திருக்கும் கருவிக்கு இந்த இழப்பு பரவாயில்லை.

திரையில் எழுதும் பேனாவான ஸ்டைலஸ் வாங்கும்போது விலையைவிட முனையைப் பாருங்கள். சாதாரண ரப்பர் முனை தடிமனாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தத் திரைகள் விரல் அளவுக்குப் பரப்புள்ள, மின்சாரம் கடத்தும் தொடுகையைத்தான் தொடுகையாக எடுத்துக்கொள்ளும். மெல்லிய முனையைச் சட்டை செய்யாது. அந்தத் தடித்த ரப்பர், கோடு விழும் இடத்தையே பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. வட்டத்தைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து மூட முடியாமல் எல்லா வட்டங்களும் வாய் திறந்து நிற்கும். பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று நினைத்துவிடுவோம். குறை முனையில் இருக்கும். மின்கலம் உள்ள ஆக்டிவ் ஸ்டைலஸ் கிடைத்தால் நல்லது. முனை மெல்லியது, பலவற்றில் உள்ளங்கைத் தொடுகையும் புறக்கணிக்கப்படும். எல்லாருக்கும் அது கட்டுப்படியாகாத இடத்தில், ரப்பர் முனையை வைத்துக்கொண்டு எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்.

உள்ளங்கைத் தொடுகையைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. கை திரையில் பட்டதும் எங்கோ ஒரு கோடு விழும், அல்லது பக்கம் நகரும். இரண்டு தடவை அப்படி ஆனால் போதும், பிள்ளை மணிக்கட்டை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு தோளிலிருந்து எழுதத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்தில் கை வலிக்கும். அதைவிடக் கெடுதல், அந்தப் பழக்கம் நோட்டுக்கும் போய்ச் சேரும். செயலியில் ஸ்டைலஸால் மட்டும் வரையும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் எழுதும் பகுதியைத் திரையின் மேல்பாதியில் மட்டும் வைத்து, கீழ்ப்பாதியில் ஒரு மடித்த துணியைப் போட்டு அதன்மேல் கையை ஊன்றச் சொல்லலாம். எளிய ஏற்பாடு, வேலை செய்கிறது.

டேப்லெட்டை நிமிர்த்தி நிறுத்தி எழுதவிடாதீர்கள். மேசைமேல் லேசான சரிவில் கிடக்கட்டும். இடக்கைப் பிள்ளைகளுக்குக் கருவியை வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்து, நிறம் தேர்ந்தெடுக்கும் கருவிப்பட்டையை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள்; இல்லாவிட்டால் உள்ளங்கை பட்டுப் பட்டு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். எட்டு அங்குலத் திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் பிடிக்கும். பத்து அங்குலம் சௌகரியம். இரு விரலால் பெரிதாக்கும் ஸூமைப் பூட்டிவிடுவது அவசியம். ஸூம் திறந்திருந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அளவில் எழுதப்படும். நாலு கோடு நோட்டில் எந்த எழுத்து எந்தக் கோடு வரை போகிறது என்ற உணர்வு திரையில் வளரவே வளராது.

நட்சத்திரம் எதற்காகக் கிடைக்கிறது

புள்ளிக் கோட்டின்மேல் இழுத்துப் பழகும் செயலிகள்தான் அதிகம் விற்பனையாகின்றன. பலவற்றில், புள்ளிக் கோட்டை நிறம் மூடினால் நட்சத்திரம் கிடைத்துவிடும். கீழிருந்து மேலே போனாலும், வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றினாலும், விரலால் தேய்த்துப் பூசினாலும் கிடைக்கும். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது வேண்டுமென்றே தப்பாக எழுதிப் பாருங்கள். தப்புக்கும் நட்சத்திரம் கொடுக்கும் செயலியை எழுத்து கற்பிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும், இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகளை எழுத்துகளைக் கையால் எழுதவும், புள்ளிக் கோட்டின்மேல் இழுக்கவும், விசையைத் தட்டவும் பழக்கி, பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளை எப்படி இயங்குகிறது என்று ஸ்கேன் செய்தார்கள். வாசிப்போடு தொடர்புடைய மூளைப் பகுதிகளைத் தட்டச்சும் புள்ளிக் கோடும் அவ்வளவாகத் தூண்டவில்லை. சொந்தமாக எழுதிய எழுத்துகள் தூண்டின. வகுப்பில் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. புள்ளிக் கோட்டில் நூறு தடவை இழுத்த பிள்ளை, வெற்றுக் கோட்டில் அதே எழுத்தை எங்கே தொடங்குவது என்று யோசித்து நிற்கும். ஆகவே புள்ளிக் கோடு ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று தடவை, அதற்குமேல் வெற்றுக் கோடு, அன்றைக்கே நோட்டிலும் ஐந்து தடவை.

டேப்லெட் இங்கே உண்மையிலேயே கைகொடுப்பது திரைப் பதிவில்தான். ஐபேடில் 2017 முதலும், ஆண்ட்ராய்டில் 11ஆம் பதிப்பு முதலும் திரையைப் படமெடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. எழுதி முடித்த எழுத்தைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று தெரியாது. ஆங்கிலச் சின்ன 'ஏ'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை மேலே வலப்பக்கம் தொடங்கி, இடமாகச் சுற்றி, மேலே வந்து, கையெடுக்காமல் கோட்டை இறக்குகிறது. இன்னொரு பிள்ளை கீழிருந்து வலமாக ஒரு வட்டம் போட்டு, பென்சிலைத் தூக்கி, பக்கத்தில் ஒரு குச்சி நடுகிறது. நோட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கூட்டெழுத்துக்குப் போகும் காலத்தில் இரண்டாம் பிள்ளை திணறும். அப்போது திருத்துவது கடினம்.

இருபது விநாடிப் பதிவு போதும். போட்டுக் காட்டி, பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்: "மேலே தொடங்கினேன், இந்தப் பக்கம் சுற்றினேன், இங்கே கையைத் தூக்கிவிட்டேன்." கையைத் தூக்கிய இடத்தைப் பிள்ளை தானே கண்டுபிடித்தால் நாம் திருத்த வேண்டியதில்லை. ஒரு நாளில் மூன்று எழுத்துக்கு மேல் இப்படிப் பார்க்க வேண்டாம். 'சி' வடிவத்தில் தொடங்கும் சின்ன எழுத்துகளை, அதாவது 'சி', 'ஏ', 'ஓ', 'ஜி', 'கியூ', 'டாக்' (நாய்) என்ற சொல்லின் முதல் எழுத்து ஆகியவற்றை ஒரு குடும்பமாக எடுத்தால் ஒரே அசைவு ஆறு எழுத்துக்கும் பயன்படும்.

'பேட்' (மட்டை), 'டாக்' இரண்டின் முதல் எழுத்தும் இடம் மாறிப்போவது எல்லா வகுப்பிலும் உண்டு. கோப்பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கோப்பைதான் என்று அதுவரை கற்ற கண்ணுக்கு, இடவலம் மாறினால் வேறு எழுத்து என்பது புதிய செய்தி. எழுத்துத் துண்டுகளை இழுத்து அடுக்கும் செயலிகளில் துண்டைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். திருப்ப முடிந்தால் குழப்பம் கூடும்; அதைப் பூட்டுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பிக்காமல், 'டாக்' எழுத்தை 'சி' குடும்பத்தோடும், 'பேட்' எழுத்தை மேலிருந்து கோடு இறக்கித் தொடங்கும் எழுத்துகளோடும் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் கை நினைவில் வைத்துக்கொள்ளும். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'ப', 'ட', 'க' ஒவ்வொன்றும் தமிழில் இரண்டு ஒலிக்கு ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து. இது பார்வைக் குழப்பம் அல்ல, காதுக் குழப்பம். அதற்கு மருந்து வடிவப் பயிற்சி அல்ல. அந்த இரண்டு ஒலியில் தொடங்கும் இரண்டு சொல்லைப் பதிவுசெய்து, மாற்றி மாற்றிக் கேட்பது.

முதலில் குரல், பிறகு எழுத்து

இந்த ஒரு முறைக்காகவே டேப்லெட்டை வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்பது எங்கள் எண்ணம். சின்னப் பிள்ளைகள் வாக்கியம் எழுதும்போது தடுமாறுவதற்கு அறிவுக் குறைவு காரணமல்ல. ஓர் எழுத்தை வரைவதில் கவனம் முழுக்கப் போய்விடுவதால், மூன்றாவது சொல்லுக்கு வருவதற்குள் தான் சொல்ல வந்த வாக்கியமே மறந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தைப் பிடித்து வைக்க ஒரு இடம் வேண்டும். ஒலிப்பதிவு அந்த இடம்.

பிள்ளை ஒரு படம் எடுக்கட்டும். மேசைக்கு அடியில் கிடக்கும் குடை என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும்: "தி அம்ப்ரெல்லா இஸ் அண்டர் தி டேபிள்." இங்கேயே ஒரு தவறு நடக்கும். பொத்தானை அமுக்கிய கையோடு பேசினால் பதிவு தொடங்குவதற்குள் முதல் சொல் போய்விடும். போவது பெரும்பாலும் அந்த 'தி'தான். நாம் காப்பாற்ற நினைப்பதும் அதைத்தான். "அமுக்கு, ஒரு மூச்சு விடு, பேசு" என்று பழக்கினால் சரியாகும்.

இனி, பதிவைக் கேட்டு விரல்விட்டு எண்ணுவது. ஆறு சொல். எண்ணிக்கை வந்ததும் பக்கத்தில் ஆறு கோடு. நீளச் சொல்லுக்கு நீளக் கோடு, குட்டிச் சொல்லுக்குக் குட்டிக் கோடு, கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி. 'குடை மேசைக்குக் கீழே இருக்கிறது' என்று தமிழில் நான்கே சொல். அதையே மனத்தில் வைத்து ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை, தமிழில் தனிச் சொல்லாக இல்லாத 'தி'யை இரண்டு இடத்திலும் விட்டுவிடும். 'அண்டர்' என்ற சொல் 'டேபிள்' என்ற சொல்லுக்கு அடுத்துப் போய் உட்காரும். வினை கடைசிக்குப் போகும் அல்லது காணாமலே போகும். இலக்கணம் சொல்லி இதைத் திருத்த அந்த வயதில் வழியில்லை. ஆறு கோடு போட்டிருக்கிறது, நான்கு சொல்தான் எழுதியிருக்கிறது என்றால், இரண்டு எங்கே என்று பிள்ளையே தேடும். பதிவை மறுபடி கேட்கும். "ஆ, தி!" என்று தானே சொல்லும்.

எழுதும்போது மறந்தால் மீண்டும் கேட்கலாம். மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். மூன்று தடவை கேட்டும் நிற்கவில்லையென்றால் வாக்கியம் அந்தப் பிள்ளைக்கு நீளம். நான்கு சொல் வாக்கியத்துக்கு இறங்குங்கள். சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் கேட்க வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் பாதி வேகத்துக்குப் போனால் உயிரொலி நீண்டு, வல்லொலிகள் மழுங்கிவிடும். முக்கால் வேகமே போதுமானது.

பதிவுக்குத் தனிச் செயலி வேண்டியதில்லை. படம், ஒலி, கையெழுத்து மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்கும் புக் கிரியேட்டர் போன்ற ஒன்று இருந்தால் வசதி. இல்லையென்றால் கருவியோடு வரும் ஒலிப்பதிவுச் செயலியும் நோட்டுமே போதும். சொல்லப்போனால் குரல் டேப்லெட்டில், எழுத்து நோட்டில் என்ற ஏற்பாடுதான் ஆறு வயதுக்கு மிக நன்றாக ஒத்துவருகிறது.

ஒரு கருவிக்கு இரண்டு பிள்ளைகள் என்றாலும் இந்த முறை குறைபடாது. ஒருவர் எழுதுபவர், மற்றவர் காது. காதாக இருப்பவர் பதிவைப் போட்டு, சொற்களை எண்ணி, விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். தானே எழுதிக்கொடுக்கக் கூடாது. அடுத்த வாக்கியத்துக்கு இடம் மாறுங்கள். மூன்று பேர் என்றால் ஒருவர் சும்மா இருப்பார்.

தட்டச்சும் திருத்தமும்

எழுத்தைத் தேடித் தேடித் தட்டும் வயதில் தட்டச்சு, கையெழுத்தைவிட மெதுவானது, வாக்கியமும் மறந்துபோகும். கையால் எழுதி முடித்ததில் இரண்டு மூன்று வாக்கியத்தை மட்டும் நகலெடுக்கத் தட்டச்சைப் பயன்படுத்துங்கள். தனி விசைப்பலகை இணைத்தால் அதில் பெரும்பாலும் பெரிய எழுத்து மட்டுமே அச்சிட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சின்ன எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளை விசையைக் கண்டுபிடிக்காமல் விழிக்கும். சின்ன எழுத்து ஒட்டிகளை ஒட்டிவிடலாம்.

தட்டச்சு செய்ததில் ஒரு லாபம்: கருவியை வாசிக்கச் சொல்லலாம். சொல்லை விட்டிருந்தால் காதில் உறுத்தும். புள்ளி வைக்காமல் மூன்று வாக்கியத்தை ஒட்டியிருந்தால் கருவி மூச்சுவிடாமல் ஓடும்; பிள்ளை சிரித்துக்கொண்டே போய்ப் புள்ளி வைக்கும். ஆனால் 'டூ' என்று ஒலிக்கும் மூன்று சொல்லில் எதை எழுதினாலும் கருவி ஒன்றுபோலத்தான் வாசிக்கும். அந்த வகைப் பிழைக்கு ஆசிரியரின் கண்தான்.

கடைசியாகப் போட்டதை அழிக்கும் அன்டூ பொத்தான் பெரிய நேரத்திருடன். ஒரே 'எஸ்' எழுத்தை இருபது தடவை போட்டு அழித்துவிட்டு, நேரம் முடியும்போது வெறும் பக்கத்தோடு நிற்கும் பிள்ளைகள் உண்டு, குறிப்பாகக் கவனமான பிள்ளைகள். முதல் எழுத்துப்படியில் அழிப்பது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழையென்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதட்டும். எழுத்துப் பயிற்சியில் மூன்று தடவை எழுதி, நன்றாக வந்ததைச் சுற்றி வட்டம் போடட்டும். அழிக்காமல் விட்ட முயற்சிகள்தான் ஆசிரியருக்குத் தடயம்.

ஆசிரியரும் பிள்ளையின் பக்கத்தின்மேல் எழுதக் கூடாது. பக்கத்தை நகலெடுத்து, நகலில் குறியுங்கள். இருபது விநாடிக் குரல் குறிப்பு இன்னும் நல்லது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு எழுதிய குறிப்பு இன்னொரு பாடமாகிவிடும். நன்றாக வந்த ஒன்று, திருத்த வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, டேப்லெட்டில் பத்துப் பதினைந்து நிமிடம், அதே அளவு நோட்டில். 5 வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் கவனம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் 2 முதல் 4 வயதுவரை, உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைவாக இருப்பது நல்லது என்கிறது. வீட்டில் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கருவிக்கு எண் ஒட்டி, ஒரு பிள்ளைக்கு எப்போதும் ஒரே எண்ணைக் கொடுங்கள். சில செயலிகள் கோப்பைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். செயலியை நீக்கினால் ஒரு மாத வேலையும் போய்விடும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை வெளியே நகலெடுத்து, தேதியும் எண்ணும் போட்டுப் பெயரிடுங்கள். பிள்ளையின் பெயரோ முகமோ கோப்பில் வேண்டாம்.

எப்போது குரல் பதிவை நிறுத்துவது என்ற கேள்வி வரும். பிள்ளையிடமே விடை தெரியும். ஒரு நாள் பொத்தானை அமுக்க மறந்து, உதட்டை மட்டும் அசைத்து, மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும். நோட்டில் கோடுகூடப் போடாமல் முதல் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கும். அந்தப் பிள்ளையின் டேப்லெட்டை எடுத்துக்கொண்டுபோய் சார்ஜில் போட்டுவிடலாம்.